வெள்ளையும் பச்சையும்

அடகுக்கடையில் நூற்றிநாற்பது டாலருக்கு எடுத்த பேஸ் கிட்டார்.
நான்கு தந்தி. ஒரே ஒரு ஹம்பக்கர்.
முன்பு வைத்திருந்த ஆள் கழற்றி மாட்டியிருக்கிறான்,
எந்த வயர் எதற்கென்று எழுதி வைக்கவில்லை.
சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை,
கூடவே உறையில்லாத ஒன்று, தரைக்கு.

டுலூத்தில் ஜனவரி.
விடிகாலை நாலு மணிக்கு நகரசபையின் பனித்தள்ளி லாரி.
மதியம் வீடு வந்தால்
சமையல் மேசையில் செய்தித்தாளை விரித்து
பேஸைக் குப்புறப் போட்டு
முதுகின் மூடியைத் திறக்கிறேன்.
ஈயப் புகைக்குப் பூனை தும்முகிறது.

மீட்டர் சொன்னது இவ்வளவுதான்:
சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஏழாயிரத்து இருநூறு ஓம்.
கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவே அதைவிட ஒரு பிசிறு குறைவு.
மற்ற ஜோடிகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.
ஆக, இரண்டு குடித்தனம், ஒரே சுவர்.

காந்தத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்டி
முள் எந்தப் பக்கம் துள்ளுகிறதென்று பார்த்திருக்க வேண்டும்.
சோம்பல்.
வெள்ளையைக் கறுப்போடு முடிந்தேன்.

கொசு.
தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு.
தந்தியிலிருந்து வந்ததை
இரண்டு சுருளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கொன்றுவிட்டு
சுவர் வயரின் இரைச்சலை மட்டும்
தோளோடு தோள் சேர்ந்து தூக்கி வந்தன.
ஒத்துப்போக வேண்டியதில் முரண்டு,
முரண்ட வேண்டியதில் அப்படியொரு ஒற்றுமை.
என் விவாகரத்து வழக்கறிஞர் கேட்டால் சிரிப்பார்.

போனில் வெர்லின் ஆஹோவுக்கு வாசித்துக் காட்டினேன்.
எங்கள் டிரம்மர்.
"லாரி ரிவர்ஸ் எடுக்கிறாயா?" என்றான்.

முடிச்சை உருக்கினேன். வெள்ளையோடு பச்சை.
வீடு அதிர்ந்தது. பூனை ஓடியது.

பிறகு ஆசை விடவில்லை, மூன்று நிலை விசை ஒன்று வைத்தேன்.
மேலே தள்ளினால் தொடரிணைப்பு:
ஒரே தடத்தில் இரண்டு லாரி முன்னும் பின்னுமாகப் போய்
தார் தெரியும்வரை சுரண்டுவது போல.
கீழே பக்க இணைப்பு:
இரண்டும் அருகருகே, அகலமாக, மேலாக,
பனியின் கீழே பனி மிச்சமிருக்கும், வெளிச்சமிருக்கும்.
நடுவில் ஒரு சுருள் மட்டும்.
அதன் ஜோடி தூங்குகிறது.

வெள்ளிக்கிழமை, முன்னாள் ராணுவத்தார் மன்றம்.
கேட்க வந்தவர்கள் பதினொரு பேர்,
அதில் இருவர் வெளியே குளிரென்பதால்.
மேல், கீழ் என்று மாற்றி மாற்றி வைத்தேன்.
வெர்லினுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.
டெல்ஃபின் பாடிக்கொண்டே புருவம் தூக்கினாள், ஒரு முறை.
மூன்றாம் சுற்றில் ஸ்வெட்டர் கை பட்டு விசை நடுவுக்குப் போக,
பியர் விளம்பர நியான், ஐஸ்பெட்டி, கூரை டியூப்லைட்
எல்லாம் என் ஆம்ப் வழியே வாய் திறந்தன.
"யாருக்கோ கொட்டாவி," என்று மைக்கில் சொன்னாள் டெல்ஃபின்.
பதினொரு பேரும் சிரித்தார்கள். அன்றைய ஒரே கைதட்டல் அதுதான்.

எல்லோரும் போன பிறகு
நடுவிலேயே விட்டு, கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஏ தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தினால்
அந்த இரைச்சலுக்கு ஒரு நூல் மேலே நிற்கிறது.
இரண்டும் உரசி, வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அலை.
முறுக்காணியைத் தளர்த்தினேன்.
ஒரு அலை.
அரை.
பிறகு அலையே இல்லை.
நான் வாசிப்பது எது, கட்டடம் வாசிப்பது எது
என்று எனக்கே தெரியவில்லை.
தெருக்கம்பத்து மின்மாற்றி, கம்பிகள்,
ஏரிக்கரைத் தாது மேடையின் விளக்குகள்,
விழித்திருந்த அத்தனையும் அந்த ஒரு சுரத்தில்.

ஓரின் வந்து நியானை அணைத்தார்.
சுரம் மெலிந்தது, இறங்கவில்லை.
"மார்லிஸ், நாளை உனக்கு நாலு மணி இல்லையா?"

ஞாயிறு ஒத்திகையில் தந்தியைத் திருப்பி முறுக்க மறந்து
திட்டு வாங்கினேன்.
வீட்டுக்கு வந்து, மூடியின் உட்புறம்
அடுத்து அடகுக்கடையில் எடுக்கப்போகிறவருக்காக
பென்சிலில் எழுதினேன்:
வெள்ளையும் பச்சையும் சேரும். கறுப்போடு கொசு.
விசை மேலே, தார். கீழே, வெளிச்சம்.
நடுவுக்கு எதிரே
ஒரு கோடு போட்டு வைத்தேன், எழுதவில்லை.
திருகுகள் நான்கில் மூன்றுதான் கிடைத்தன.